கீரைக்கு மேல் அரை டம்ளர் காபி

என் பெண் கீரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. தெற்கு மாடவீதிக்குக் காய் வாங்கப் போய், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்த களைப்பில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு படம். தட்டில் சாதம், ஏதோ ஒரு குழம்பு, பக்கத்தில் குவியலாக முருங்கைக்கீரைப் பொரியல். படத்துக்குக் கீழே, "அத்தை பண்ணினது. ரெண்டாவது தடவை போட்டுண்டேன்!" என்று எழுதியிருந்தாள்.

அத்தை என்றால் அவளுடைய மாமியார், என் சம்பந்தி. கல்யாணமான நாளிலிருந்து பெண் அடையாறில் அவர்களோடுதான் இருக்கிறாள். நாங்கள் மயிலாப்பூர். நடுவில் ராஜா அண்ணாமலைபுரமும் ஓர் ஆறும்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளை ஏதோ கடல் தாண்டிக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

இந்தப் பெண்ணுக்குக் கீரை ஊட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முளைக்கீரையை மத்தால் மசித்து நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். பல்லில் ஒட்டுகிறது என்றாள். முருங்கைக்கீரையை அடைமாவில் கலந்து, தெரியாதபடி வார்த்துப் போட்டேன். ஓர் இலை விடாமல் நோண்டி எடுத்துத் தட்டு ஓரத்தில் அடுக்கிவிட்டு அடையை மட்டும் சாப்பிட்டாள். சப்பாத்தி மாவில் அரைத்துவிட்டதும் உண்டு. பச்சைச் சப்பாத்தியை டப்பாவில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். கண்ணுக்கு நல்லது, ரத்தம் ஊறும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து, வயிறு சுத்தமாகும் என்று நான் பாடாத பாட்டில்லை. கடைசியில் முடி நீளமாக வளரும் என்றுகூட ஆசை காட்டினேன். "எனக்குப் பாப் கட்டிங்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாளாம்.

படத்தை என் கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பேஷ், பேஷ். குழந்தைக்கு இப்பவாவது புத்தி வந்துதே" என்றார்.

"நான் பண்ணினப்போ எங்கே போச்சு அந்தப் புத்தி?"

"ஏண்டி, அவ கீரை சாப்பிடணும்னுதானே இத்தனை வருஷமா கத்திண்டிருந்தே. இப்போ சாப்பிடறா. நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு உக்காந்திருக்கே. வயத்தெரிச்சலா? உள்ளே மோர் இருக்கு, குடி."

மோரில் அணையும் எரிச்சலா அது? அம்மா மசித்தால் புல், மாமியார் வதக்கினால் அமிர்தம். ஊர் உலகத்தில் மாமியார் கொடுமை என்று எவ்வளவோ கேள்விப்படுகிறோம். எனக்கு வாய்த்தது வேறு தினுசான கொடுமை. என் சம்பந்தியிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். பிள்ளைகள் ஆபீஸில் பழகிச் செய்துகொண்ட கல்யாணம். எங்களுக்கு மனத்தாங்கல் இருந்ததா என்றால் இருந்தது. அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மாள் முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு "வாங்க மதினி" என்றார். அவருக்கு நான் மதினி, எனக்கு அவர் மாமி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகள் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்கும் நாட்களில் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவாராம். என் பெண்ணே சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் "நல்லதுதானே" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லும்போதே பல்லைக் கடிப்பேன்.

இதற்கு நடுவில் அவள் உண்டானாள். தி. நகரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். முதல் ரத்தப் பரிசோதனையிலேயே ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போனால் சாப்பாடு வெளியே வந்தது. மாத்திரையை மாற்றி எழுதிய டாக்டர், சாப்பாட்டிலும் கவனம் வேண்டும், கீரை, பருப்பு, பேரீச்சம்பழம் என்று பார்த்துக் கொடுங்கள் என்றார். 'பார்த்துக் கொடுங்கள்' என்று சொன்னபோது அவர் பார்த்தது சம்பந்தியை. ஏனென்றால் பெண் இருந்தது அவர் வீட்டில்.

அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண் மளமளவென்று ஏறியது. இன்னொரு முறையும் நாங்கள் இரண்டு பேருமே துணைக்குப் போயிருந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அட, நல்லா ஏறியிருக்கே! யாரும்மா கவனிச்சுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"அத்தைதான் டாக்டர். தினம் முருங்கைக்கீரை" என்றாள் என் பெண். "எங்க அப்பார்ட்மென்ட் பின்னாடியே மரம் இருக்கு."

"இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் டாக்டர்.

சம்பந்தி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஃபைலையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியில் வந்ததும் என் பெண், "என்னம்மா, தலைவலியா?" என்றாள்.

ஆனாலும் நான் ஒன்றை நம்பியிருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எந்த ஜாதியில் போய்க் கேட்டாலும், எந்த ஊரில் கேட்டாலும் இதுதான் வழக்கம். வளைகாப்பு முடிந்த மறுநாள் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். எத்தனை முருங்கை மரம் இருந்தாலும் அந்த அம்மாள் இதில் வாயைத் திறக்க முடியாது. நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். கிளம்பும்போது சம்பந்தி மருமகளின் கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு, "சாப்பாட்ட மட்டும் விட்டுராதம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் என்ன பட்டினியா போடப்போகிறேன்?

அவள் வந்து இறங்கிய மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டு வந்தவள் கூடத்துச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "டிகாக்ஷன் இறக்கியிருக்கியா?" என்றாள்.

காபி! அதுதான் அந்த வீட்டில் கிடையாது. அவர்கள் வீட்டில் காபி என்றால் சுக்கு, கொத்தமல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைப்பது. உடம்புக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பெயர் காபி என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட கையோடு காபி குடிப்பது என் மாமனார் காலத்துப் பழக்கம். மோர் சாதம் முடிந்து கை அலம்பி வந்தால், டபராவோடு டம்ளர் வந்து நிற்க வேண்டும். அது வராவிட்டால் சாப்பாடு முடியவில்லை என்று அர்த்தம். இந்தப் பெண்ணும் அப்படியே வளர்ந்தவள்தான்.

டாக்டர் காபியைக் குறைக்கச் சொல்லியிருந்தார், நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் அரை டம்ளராகக் கொடுத்தேன். முதல் டிகாக்ஷன், அப்போதுதான் பொங்கின பால், மேலே நுரை. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா... இதுக்காகத்தான் பொறந்தாத்துக்கு வரணும்" என்றாள்.

அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மரம் உங்களுடையதாக இருக்கலாம் மாமி, இது உங்களால் முடியாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அதிலிருந்து தினமும் அவள் சாப்பிட்டு முடிக்கும்போது நான் டம்ளரோடு போய் நிற்பேன். அவள் முதல் வாய் குடிக்கிற வரைக்கும் நகர மாட்டேன்.

கீரையை மட்டும் விட்டுவிடுவேனா? டாக்டர் அந்த அம்மாளுக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் எனக்கும் வேண்டியிருந்தது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை என்று ஒரு நாள் தவறாமல் சமைத்தேன். மாடவீதியில் கீரை விற்கிறவள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கட்டை எடுத்துவிடுவாள்.

"இன்னாமா, டெய்லி கீரை வாங்கிக்கினு போறியே. வூட்ல ஆடு எதுனா வளக்கறியா?" என்றாள் ஒரு நாள்.

"பொண்ணு வந்திருக்கா. பிள்ளையாண்டிருக்கா" என்றேன்.

"அப்டி சொல்லு! அப்பொ இத்தயும் வெச்சிக்கோ, காசு வாணாம்" என்று ஒரு சின்னக் கீரைக்கட்டை எடுத்துப் பையில் போட்டாள்.

பெண் முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டாள் என்று சொல்ல மாட்டேன். சுளித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே சிரித்துக்கொண்டு இரண்டாவது தடவை, இங்கே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு தடவை. போதாததற்கு, மாப்பிள்ளை வாரக்கடைசியில் வரும்போதெல்லாம் மஞ்சள் பை நிறைய முருங்கை இலை கொண்டுவருவார். "அம்மா குடுத்தாங்க. மரத்துல இப்ப நல்லா தழைச்சிருக்கு" என்பார். வேண்டாம் என்றா சொல்ல முடியும்? வாங்கிச் சமைத்தேன். ஆக, அந்த மரத்துக் கீரையே இங்கேயும் வந்துவிட்டது.

அடுத்த பரிசோதனைக்குப் போனோம். எண் இறங்கியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசி மாசங்கள்ல கொஞ்சம் இறங்கறது சகஜம்தான். ஆனா இது ஜாஸ்தி. பிரசவத்துல ரத்தம் போகும், கையில இருப்பு வேணும். அடுத்த தடவையும் ஏறலைன்னா ட்ரிப்ஸ்ல இரும்புச் சத்து ஏத்த வேண்டியிருக்கும்" என்றார். பிறகு, "மாமியார் வீட்டுலதானே இருக்கே?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், இப்போ அம்மா வீட்டுல."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றபோது அவள் என் கைமேல் கை வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"கொஞ்ச நாள் அடையாறுக்கே போய் இருந்துட்டு வரேனே. பிரசவ சமயத்துக்கு இங்கே வந்துடறேன்."

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சண்டை போட முடியுமா? "பாக்கலாம்" என்றேன். ஆனால் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பெண், பாதியில் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்றால் என்ன அர்த்தம்? அம்மாவுக்குப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாள் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அதுதான் இன்னும் மோசம்.

அன்று ராத்திரி முழுக்க ஒரே யோசனை. அதே மரம், அதே இலை. அங்கே ரத்தமாகிறது, இங்கே ஏன் ஆகவில்லை? அந்த அம்மாள் சமைப்பதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, அதை எனக்குச் சொல்லவில்லை என்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலையில், சேர்ந்துபோன மஞ்சள் பைகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பையைத் திருப்பிக் கொடுக்க அடையாறு வரைக்கும் போகிற சம்பந்தி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டுமென்றே சமையல் நேரமாகப் பார்த்துப் போனேன்.

"வாங்க மதினி! இந்த வெயில்ல எதுக்கு? ஒரு போன் போட்டிருந்தா தம்பிய அனுப்பியிருப்பேன்லா" என்றார் சம்பந்தி. தம்பி என்பது மாப்பிள்ளை.

"இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது மாமி" என்று பொய் சொல்லிவிட்டு நேராகச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

கண்கொட்டாமல் பார்த்தேன். கீரையை உருவினார், அலசினார். வாணலியில் தேங்காய் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல். சின்ன வெங்காயம் போட்டார். அதுவாக இருக்குமோ என்று நானே முன்னால் சந்தேகப்பட்டு, எங்கள் வீட்டில் என்றும் இல்லாத வழக்கமாகக் கீரையில் வெங்காயம் போட்டுப் பார்த்தாயிற்று. பிறகு கீரை, உப்பு, வெந்த பாசிப்பருப்பு, தேங்காய். அவ்வளவுதான். பொடி கிடையாது, தைலம் கிடையாது. நான் வீட்டில் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

சேர்ந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், கீரையில் உப்பு ஒரு கல் குறைவு. தண்டும் அங்கங்கே நெருடியது. இதற்கா இரண்டாவது தடவை? இன்னும் எரிந்தது. என்னுடையது மட்டமாக இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு தட்டில் உப்பில் ஊறிய நெல்லிக்காய்த் துண்டுகளை வைத்தார். மென்றேன். கை அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குக் காபி நேரம். தலை லேசாக வலிக்க ஆரம்பித்தது. அந்த அம்மாள் பிள்ளையின் ஆபீஸ், பின்வீட்டு நாய், கார்ப்பரேஷன் தண்ணீர் என்று என்னென்னவோ பேசினார். காபிப் பேச்சையே காணோம். சமையலறை அலமாரியில் பளபளவென்று ஒரு பித்தளை ஃபில்டர் இருந்ததை முன்னமே கவனித்திருந்தேன். கடைசியில் மானத்தை விட்டுக் கேட்டேன்.

"மாமி, ஒரு வாய் காபி கிடைக்குமா?"

"ஒரு மணி நேரம் போகட்டும் மதினி, போட்டுத் தாறேன். இப்பதான கீரை சாப்பிட்டோம்."

"அதுக்கென்ன?"

"கீரையில உள்ள இரும்புச் சத்து உடம்புல ஒட்டணும்லா? மேலோட காப்பியோ டீயோ குடிச்சா ஒட்ட விடாதாம். நான் ரத்தமே இல்லாம கிடந்தப்போ டாக்டர் சொன்னாங்க. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேத்துக்கிட்டா நல்லாப் பிடிக்கும். உங்க பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரியும்லா."

இத்தனை நாளும் ஒரு கையால் ஊட்டிவிட்டு மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் எதை வைத்து? இந்த அம்மாளை ஜெயித்துவிட்டதாக நான் மார்தட்டிக்கொண்டிருந்த அதே காபியை வைத்து. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தாலும் வந்திருக்காது. பேச்சை மாற்ற, "அப்போ அந்த ஃபில்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"அவளுக்காக வாங்கினேன் மதினி. சாயங்காலத்துல போட்டுக் கொடுக்கலாம்னு உங்க மயிலாப்பூர்லேயே போய்ப் பொடியும் அரைச்சு வாங்கியாந்தேன். 'நல்லா இருக்கு அத்தை'ன்னு சொல்லி முழுசாக் குடிச்சா. மொகத்தப் பாத்தாத் தெரியாதா? எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவா. அதுக்கப்புறம் நான் போடல."

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. குளிரத்தான் செய்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அவர் முதலில் சொன்னது வந்து குத்தியது. அவளுக்குத் தெரியும். கீரை சாப்பிட்டு உடனே காபி குடிக்கக் கூடாது என்று என் பெண்ணுக்கு முன்பே தெரியும். தெரிந்தா என்னிடம் வாங்கி வாங்கிக் குடித்தாள்?

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடையாறு பாலத்தின் மேல் வண்டி நகராமல் நின்றது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அந்தக் கரையில் நிஜமாகவே பச்சையாக ஒரு மரம் இருக்கிறது. இந்தக் கரையில் என்னிடம் இருப்பதோ ஒரு ஃபில்டர். அதையும் கவிழ்த்து வைத்துவிட்டால் அவள் எதற்காக என்னிடம் இருக்க வேண்டும்? 'இதுக்காகத்தான் பொறந்தாத்துக்கு வரணும்' என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாளே. காபியைக் கொடுத்தால் ரத்தம் ஏறாது. நிறுத்தினால் பெண் தங்க மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் அடையாறுதான் ஜெயிக்கிறது என்று நினைத்தபோது, பஸ்ஸில் யாரும் பார்க்காமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கீரை சாப்பிட்டா உடனே காபி குடிக்கப்படாதுன்னு உனக்குத் தெரியுமாமே?" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அத்தை சொன்னாளா?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டே குடிச்சியா? உள்ளே ஒரு ஜீவன் இருக்கே, அதை நெனச்சுப் பாத்தியா? காபி அவ்வளவு பெரிசாப் போயிடுத்தா உனக்கு?"

"எனக்கில்லம்மா" என்றாள். "முத நாள் நாந்தான் கேட்டேன், இல்லேங்கலை. அப்புறம் தெனம் நீ டம்ளரும் கையுமா வந்து எதிர்க்க நின்னுடறே. நான் குடிக்கற வரைக்கும் என் மூஞ்சியையே பாத்துண்டு நிக்கறே. அப்போ உன் மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அதைப் பாத்துட்டு வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அரை டம்ளர்தானே, என்ன ஆயிடப்போறதுன்னு நெனச்சேன். நேத்து ரிப்போர்ட்டைப் பாத்ததும் பயந்துட்டேன். அதான் அங்கே போறேன்னேன். அங்கே போனா அது தானா நின்னுடும். உன்கிட்ட வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்காது."

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமும் புரளவில்லை.

ஆக, காபிக்காக இங்கே வந்தாள் என்று நான் நினைத்தது பிசகு. காபியை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இங்கிருந்து போகப் பார்த்தாள் என்பதுதான் நிஜம். சம்பந்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு 'நல்லா இருக்கு அத்தை' என்றவள், என் காபியையும் அதே போல் எனக்காகக் குடித்திருக்கிறாள். என் வீட்டில், என் வயிற்றில் பிறந்த பெண், மருமகளைப் போல் நடந்துகொண்டிருக்கிறாள். இதைவிட ஒரு தோல்வி எனக்கு வேண்டுமா?

"அந்தப் பையைப் பிரி" என்றேன். "சாப்பிட்டதும் இனிமே இந்தாத்துல யாருக்கும் காபி கிடையாது. நாலு மணிக்கு மேலதான்."

"யாருக்கும்னா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கும்தான். வாசனை பிடிச்சா குழந்தைக்கு ஏங்கிப் போயிடும்."

பை பிரிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து கீரைக்குப் பின்னால் நெல்லிக்காய் வந்தது, சில நாள் எலுமிச்சம்பழ ரசம். எனக்கு மத்தியானங்களில் மண்டையைப் பிளந்தது. கணவர் சாப்பிட்டதும் நேரே போய்ப் படுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கை அலம்பிவிட்டு, பழக்க தோஷத்தில் அடுப்பைப் பற்றவைக்கப் போய், பாதியில் திரும்பி வருவேன். டாக்டரிடம் போனில் விஷயத்தைச் சொன்னோம். மாத்திரையையும் காபி, டீ, பாலோடு சேர்க்க வேண்டாம் என்றார். அடுத்த பரிசோதனையில் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. பிரமாதமாக இல்லை, ஆனால் ட்ரிப்ஸ் தேவைப்படவில்லை.

டாக்டர், "என்ன, மறுபடியும் மாமியார் வீட்டுக்குப் போயிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், அம்மா வீடுதான். கீரை மட்டும் அத்தையோட மரத்துது" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பரவாயில்லை. இந்த முறை டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். காலையிலேயே அவசரத்தில் கீரையை வதக்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். சாதத்தில் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டவள் முகத்தைக் கோணினாள். தட்டை என் பக்கமாகத் தள்ளினாள்.

"ஐயே, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கே. சகிக்கலைம்மா. எனக்கு வேண்டாம் போ."

நான் ஒரு துளி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. எழுந்து போய், பருப்பும் தேங்காயும் இன்னும் கொஞ்சம் கலந்து கொண்டுவந்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்கு எரிச்சல் வரவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்திருந்தது. அடையாறில் இருக்கிற அந்த நல்ல மனுஷியால் எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும், எவ்வளவு பிரியமாகப் பரிமாறினாலும், இந்த 'சகிக்கலை'யை என் பெண்ணிடமிருந்து ஒரு நாளும் வாங்க முடியாது.